ஜான் கசேல்: 5 படங்கள், 40 நிமிட ஆவணப்படம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க நடிகர் ஜான் கசேலின் வாழ்வையும் நடிப்பையும் பற்றி ரிச்சர்ட் ஷெப்பர்ட் எடுத்த ஆவணப்படத்தைப் பார்த்தவர்களும் பார்க்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. கதை முடிவுகளை மறைத்துக்கொண்டு இவருடைய நடிப்பைப் பற்றிப் பேச முடியாது. ஆகவே 'தி காட்ஃபாதர்' படங்களை இன்னும் பார்க்காதவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வருவது நல்லது.

ஜான் கசேல் யார்? அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லையே?

பெயரைக் கேள்விப்படாதவர்களும் முகத்தைப் பார்த்திருப்பார்கள். ஏறிய நெற்றியும் குழிவிழுந்த கண்களும் கொண்டு, எந்த அறைக்குள் நுழைந்தாலும் அனுமதி கேட்டு நிற்பவரைப்போல நிற்கும் ஃபிரெடோ கார்லியோனேதான் அவர். 'தி காட்ஃபாதர்' குடும்பத்தின் இரண்டாவது மகன். தம்பி மைக்கேலுக்குக் கீழே வேலை பார்க்க நேர்ந்த அண்ணன்.

அவர் 1935 ஆகஸ்ட் 12 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரெவியர் நகரில் பிறந்தார். தந்தை வழியில் இத்தாலிய வேர்களும் தாய் வழியில் ஐரிஷ் வேர்களும் உடைய குடும்பம் அது. ஓபர்லின் கல்லூரியிலும் பிறகு பாஸ்டன் பல்கலைக்கழகத்திலும் படித்து, நியூயார்க்குக்குச் சென்று, நாடக வாய்ப்புகளுக்காகக் காத்திருந்த காலத்தில் கிடைத்த வேலைகளைச் செய்து பிழைத்தார். ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் கடிதம் கொண்டுசெல்லும் ஆளாக வேலை பார்த்தபோது, அதே வேலையில் இருந்த இன்னொரு இளைஞருடன் நட்பு ஏற்பட்டது. அந்த இளைஞர் அல் பசினோ. திரைப்படத்தில் கசேல் காலடி வைத்தபோது அவருக்கு வயது 36 ஆகியிருந்தது. 1978 மார்ச்சில், 42 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

ஆவணப்படத்தின் பெயர் என்ன? யார் எடுத்தது?

'ஐ நியூ இட் வாஸ் யூ: ரீடிஸ்கவரிங் ஜான் கசேல்' என்பது அதன் முழுப் பெயர். 2009ஆம் ஆண்டு சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. பின்னர் அமெரிக்காவில் எச்பிஓ தொலைக்காட்சியில் வந்தது. நீளம் ஏறத்தாழ 40 நிமிடம். இயக்குநர் ரிச்சர்ட் ஷெப்பர்ட் அதற்கு முன்பு 'தி மேட்டடார்' என்ற கதைப்படத்தின் மூலம் அறியப்பட்டவர். அவர் இதை ஒரு ரசிகராகவே எடுத்திருக்கிறார் என்பது படத்தின் ஒவ்வொரு நிமிடத்திலும் தெரிகிறது. அதுவே படத்தின் பலம். ஓரிரு இடங்களில் அதுவே பலவீனமும் ஆகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தலைப்புக்கு என்ன பொருள்?

'அது நீதான் என்று எனக்குத் தெரியும்' என்று ஏறத்தாழப் பொருள்படும். 'தி காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில், ஹவானா நகரத்தில் புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில், மைக்கேல் தன் அண்ணன் ஃபிரெடோவின் முகத்தை இரு கைகளாலும் பற்றி இழுத்து உதட்டில் முத்தமிட்டு, காட்டிக்கொடுத்தவன் நீதான் என்று தெரிந்துவிட்டது என்கிறான். ஆவணப்படம் அந்த வசனத்தை எடுத்து இறந்த காலத்துக்கு மாற்றித் தலைப்பாக வைத்திருக்கிறது. பல ஆண்டுகள் பெயர் தெரியாமலேயே ஒரு முகத்தை நேசித்துவந்த ரசிகர், ஒருநாள் பெயரைக் கண்டுபிடித்து, 'அட, நீங்கள்தானா அது' என்று சொல்வதுபோலவும் அது ஒலிக்கிறது. மரண தண்டனையாக வந்த ஒரு வாக்கியத்தை அடையாளம் கண்டுகொண்ட மகிழ்ச்சியாகத் திருப்பியிருப்பது நல்ல யோசனைதான்.

அவர் நடித்த எல்லாப் படங்களும் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றவை என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். அவர் நடித்த முழுநீளப் படங்கள் 5: 'தி காட்ஃபாதர்' (1972), 'தி கான்வர்சேஷன்' (1974), 'தி காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் (1974), 'டாக் டே ஆஃப்டர்நூன்' (1975), 'தி டியர் ஹன்டர்' (1978). ஐந்தும் சிறந்த படத்துக்கான போட்டியில் இருந்தன. அவற்றில் 'காட்ஃபாதர்' படங்கள் இரண்டும் 'தி டியர் ஹன்டர்' படமும் விருதை வென்றன. 1974ஆம் ஆண்டுப் படங்களுக்கான போட்டியில் இவர் நடித்த இரண்டு படங்கள் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. இரண்டையும் இயக்கியவர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாதான்.

1990இல் வந்த 'காட்ஃபாதர்' மூன்றாம் பாகத்தில் பழைய காட்சித் துண்டு வழியாக அவர் தோன்றுகிறார், அந்தப் படமும் பரிந்துரை பெற்றது, ஆகவே கணக்கு 6 என்று வாதிடும் ரசிகர்கள் உண்டு. இறந்து 12 ஆண்டுகள் கழித்து வந்த படத்தை அவர் கணக்கில் எழுதுவதற்கு அவசியம் இல்லை. ஐந்துக்கு ஐந்து என்பதே வேறு எவரிடமும் எளிதில் காண முடியாத கணக்கு. ஆனாலும் இந்தக் கணக்கை மட்டுமே சொல்லி அவரைப் புகழ்வது எனக்கு ஒப்புதல் இல்லை. நல்ல படங்களில் இருந்தார் என்பது அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாம். அந்தப் படங்கள் நன்றாக அமைந்ததில் அவருக்கு என்ன பங்கு என்பதுதான் பேச வேண்டிய விஷயம், ஆவணப்படமும் அதைத்தான் தேடிப் போகிறது.

திரைப்படத்துக்கு வருமுன் மேடையில் என்ன செய்தார்?

இந்திய வாசகர்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. நாடகாசிரியர் இஸ்ரேல் ஹோரோவிட்ஸ் எழுதிய 'தி இந்தியன் வான்ட்ஸ் தி பிராங்க்ஸ்' என்ற ஓரங்க நாடகத்தில் கசேல் ஏற்றது குப்தா என்ற இந்தியரின் வேடம். மகனைத் தேடி நியூயார்க் வந்து, வழி தவறி, இரவில் பேருந்து நிறுத்தம் ஒன்றில் நிற்கும் அந்த மனிதருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் பேசுவதெல்லாம் இந்திதான். இரண்டு விடலைப் பையன்கள் அவரைச் சீண்டத் தொடங்கி, சீண்டல் மெல்ல மெல்லக் கொடுமையாக மாறுகிறது. அந்தப் பையன்களில் ஒருவராக நடித்தவர் பசினோ. 1968இல் நியூயார்க்கில் அரங்கேறியபோது இருவருக்கும், பிராட்வேக்கு வெளியே நடக்கும் நாடகங்களுக்கான ஓபி விருது கிடைத்தது.

வெள்ளைக்கார நடிகர் இந்தியராக வேடம் கட்டுவதை இன்று ஒரு அரங்கமும் ஏற்காது, ஏற்கவும் வேண்டியதில்லை. ஆனால் அந்த வேடம் கசேலிடம் என்ன கேட்டது என்பதைக் கவனியுங்கள். எதிரில் இருப்பவர்களுக்கும் அரங்கில் இருப்பவர்களுக்கும் புரியாத மொழியில் பேசிக்கொண்டு, முழு நாடகத்தையும் கேட்பதாலும் பயப்படுவதாலும் மட்டுமே தாங்கிப்பிடிக்க வேண்டும். பிற்காலத்தில் ஃபிரெடோவிடமும் 'டாக் டே ஆஃப்டர்நூன்' படத்துச் சாலிடமும் நாம் பார்ப்பவற்றின் வித்து அங்கேயே விழுந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

ஹோரோவிட்ஸின் இன்னொரு நாடகமான 'லைன்' 1971இல் மேடையேறியபோது, ரிச்சர்ட் டிரைஃபஸுடன் அவர் நடித்ததை நடிகர் தேர்வாளர் ஃபிரெட் ரூஸ் பார்த்தார். கொப்போலாவிடம் பெயர் போனது. ஃபிரெடோ வேடம் கிடைத்தது. திரைப்படங்கள் வந்த பிறகும் அவர் மேடையை விடவில்லை. 1976 கோடையில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் திறந்தவெளி அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'மெஷர் ஃபார் மெஷர்' நாடகத்தில் ஏஞ்சலோவாக நடித்தார். இசபெல்லாவாக நடித்தவர் அப்போதுதான் யேல் நாடகப் பள்ளியிலிருந்து வெளிவந்திருந்த மெரில் ஸ்ட்ரீப். இருவரும் காதலித்தது அந்த நாடகத்தின் மூலம்தான்.

ஃபிரெடோ வேடத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு அதில் என்ன இருக்கிறது? முதல் பாகத்தில் சில நிமிடங்கள்தானே வருகிறார்?

சில நிமிடங்கள்தான். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் ஒன்று, தெருவில் பழம் வாங்கிக்கொண்டிருக்கும் தந்தையைச் சுட ஆட்கள் ஓடிவரும் காட்சி. காரிலிருந்து இறங்கும் ஃபிரெடோ துப்பாக்கியை எடுக்கத் தடுமாறுகிறான், அது கையிலிருந்து நழுவுகிறது, சுட்டவர்கள் போய்விடுகிறார்கள். பிறகு அவன் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, விழுந்து கிடக்கும் தந்தையைப் பார்த்துக் குழந்தைபோல அழுகிறான். சண்டைக்காட்சியில் கோழையாக நடிப்பது எளிது, பார்ப்பவர் சிரித்துவிடுவார். கசேல் அதைச் சிரிப்பாக ஆக்கவில்லை. அந்த இடத்தில் நாம் இருந்திருந்தாலும் துப்பாக்கி நம் கையிலிருந்தும் நழுவியிருக்கும் என்ற எண்ணத்தை நமக்குள் போட்டுவிடுகிறார்.

இரண்டாம் பாகத்தில்தான் அந்த வேடம் முழு உருவம் கொள்கிறது. கியூபாவில் சகோதரர்கள் இருவரும் வெளியில் மேசை போட்டு உட்கார்ந்து பேசும் காட்சியில், நாம் ஏன் முன்பே இப்படி நேரம் செலவிடவில்லை என்று ஃபிரெடோ கேட்கிறான். உள்ளே பொறாமை, பாசம், குற்ற உணர்வு மூன்றும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்க, வெளியே ஓர் அசட்டுச் சிரிப்பு மட்டும் தெரிகிறது. அதன் பிறகு கேளிக்கை விடுதியில், குடித்த மகிழ்ச்சியில், இந்த இடத்தை எனக்குக் காட்டியவர் ஜானி ஓலாதான் என்று தன்னையறியாமல் உளறுகிறான். எதிரி தரப்பைச் சேர்ந்த அந்த ஆளைத் தெரியவே தெரியாது என்று அதற்குமுன் தம்பியிடம் சொல்லியிருந்தவன் அவன்.

அந்த நொடியில் நாம் பார்ப்பது பசினோவின் முகத்தை. துரோகி யார் என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது, முகம் உறைகிறது. திரைப்பட வரலாற்றில் மிகவும் புகழப்பட்ட எதிர்வினைகளில் அது ஒன்று. அந்த முகம் அப்படி உறைவதற்கு, அந்த வசனம் துளியும் கனமில்லாமல், சந்தோஷமாக, விருந்தாளிகளை உபசரிக்கும் குரலில் வந்தாக வேண்டும். கசேல் அதைச் சற்றே அழுத்திச் சொல்லியிருந்தால் காட்சி அங்கேயே செத்திருக்கும். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதெல்லாம் இதைச் சுற்றித்தான்: கசேலின் நடிப்பைப் பார்க்க வேண்டுமானால் அவர் எதிரில் இருப்பவரின் முகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படகுக் கொட்டகை அருகே கண்ணாடிச் சுவர்கள் கொண்ட அறையில் நடக்கும் இறுதி உரையாடலையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஃபிரெடோ சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறான், மைக்கேல் நின்றுகொண்டிருக்கிறான், வெளியே பனி. நான் முட்டாள் இல்லை, என்னை ஒதுக்கி வைத்தீர்கள் என்று கத்த முயலும்போது அந்த நாற்காலி அவனை எழவிடுவதில்லை. உடல் கிடந்த நிலையிலேயே கோபம் மட்டும் எழுந்து எழுந்து விழுகிறது. நாற்காலியைச் சக நடிகராக மாற்றிய காட்சி அது. ஆவணப்படத்தில் கொப்போலா இதைப் பற்றிப் பேசும் பகுதியைக் கவனமாகக் கேளுங்கள்.

மற்ற படங்களில் வேடங்கள் எப்படிப்பட்டவை? எல்லாமே பலவீனமான மனிதர்கள்தானா?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நம் ஊர் வழக்கில் குணச்சித்திர நடிகர் என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவோம். ஆனால் நான்கு மனிதர்களும் நான்கு விதமாகப் பலவீனமானவர்கள்.

'தி கான்வர்சேஷன்' படத்தில் அவர் ஸ்டான்; ஜீன் ஹேக்மன் ஏற்றிருக்கும் ஹாரி கால் என்ற ஒட்டுக்கேட்பு நிபுணரின் உதவியாளர். சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் ஸ்கொயரில் நடந்து திரியும் ஒரு இளஞ்ஜோடியின் பேச்சை வேனில் உட்கார்ந்து பதிவு செய்கிறார்கள். ஸ்டானுக்கு இயல்பான ஆர்வம். இவர்கள் என்ன பேசுகிறார்கள், யாருக்காக இதைச் செய்கிறோம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஹாரிக்கு எரிச்சல். கேள்வி கேட்கத் தெரிந்த சாதாரண மனிதன் பக்கத்தில் இருப்பதால்தான் கேள்வியே கேட்காத ஹாரியின் தனிமை நமக்கு உறைக்கிறது. இதில் ஸ்டான் பலவீனமானவனே இல்லை. ஒருவேளை அந்தப் படத்தில் நலமான மனம் கொண்ட ஒரே ஆள் அவனாக இருக்கலாம். மதிப்புக் கிடைக்காத இடத்திலிருந்து போட்டியாளனிடம் வேலைக்குப் போய்விடுகிறான், அவ்வளவுதான்.

'தி டியர் ஹன்டர்' படத்தில் பெயர் மீண்டும் ஸ்டான். பென்சில்வேனியாவின் எஃகு ஆலைத் தொழிலாளிகளில் ஒருவன், பகட்டுக்காரன், வேட்டைக்குப் போகும்போது காலணியை மறந்துவிட்டு நண்பனிடம் இரவல் கேட்பவன், சின்னக் கைத்துப்பாக்கி ஒன்றை எப்போதும் வைத்துக்கொண்டு திரிபவன். வியட்நாம் போருக்குப் போகாமல் ஊரிலேயே தங்கிவிட்ட அவனிடம், போரிலிருந்து திரும்பிய நண்பன் அந்தத் துப்பாக்கி என்னவென்று காட்டும் காட்சி பார்க்கச் சகிக்க முடியாதது.

'டாக் டே ஆஃப்டர்நூன்' படத்தில் வரும் 'வயோமிங்' பதில் அவரே சொன்னதா?

ஆம். அது எழுதிவைத்த வசனம் இல்லை. 1972இல் புரூக்ளினில் உண்மையில் நடந்த வங்கிக் கொள்ளையை அடிப்படையாகக் கொண்ட படம் அது. பசினோ ஏற்ற சன்னி, வங்கிக்குள் மாட்டிக்கொண்ட நிலையில், விமானத்தில் வெளிநாடு தப்பிவிடலாம் என்று திட்டம் போட்டு, தன் கூட்டாளி சாலிடம் எந்த நாட்டுக்குப் போக விரும்புகிறாய் என்று கேட்கிறான். கசேல் சற்று யோசித்து 'வயோமிங்' என்கிறார். அது அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் மாநிலம். அது ஒரு நாடு இல்லை என்று பசினோ நிதானமாகப் பதில் சொல்லிச் சமாளிக்கிறார். கேமராவுக்குப் பின்னால் இயக்குநர் சிட்னி லூமெட் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை ஆவணப்படத்தில் அவர் வாயாலேயே கேட்கலாம்.

பலர் இதை ஒரு நகைச்சுவைத் துணுக்காக மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது சாலின் வாழ்க்கை வரலாறு. அவன் விமானத்தில் ஏறியதில்லை. நாடு என்றால் என்ன என்பதற்கு அவனுக்குத் தெரிந்த எல்லையே அவ்வளவுதான். ஆனால் சொன்ன சொல் தவறாமல், வேண்டுமானால் பிணைக்கைதிகளைக் கொல்லவும் தயாராக இருக்கிறான். சிரித்து முடிப்பதற்குள் நமக்குப் பயம் வந்துவிடுகிறது.

இன்னொரு செய்தி: உண்மையான கொள்ளையில் சாலின் இடத்தில் இருந்த இளைஞனுக்கு 18 வயது. கசேலுக்கோ நாற்பதை நெருங்கிய வயது. லூமெட்டுக்கு இதில் தயக்கம் இருந்தது. பசினோவின் வற்புறுத்தலால் கசேலை வரவழைத்து வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும் வயதுப் பிரச்சினை காணாமல் போனது. அவருடைய 5 படங்களில் கோல்டன் குளோப் பரிந்துரை கிடைத்ததும் இந்த ஒரு வேடத்துக்குத்தான்.

நோய் தெரிந்த பிறகும் 'தி டியர் ஹன்டர்' படத்தில் நடித்தாரா? தயாரிப்பு நிறுவனம் எப்படி அனுமதித்தது?

எளிதில் அனுமதிக்கவில்லை. 1977இல் நோய் கண்டறியப்பட்டபோது அது ஏற்கெனவே பரவியிருந்தது. படப்பிடிப்புக்குக் காப்பீடு எடுக்க முடியாத நடிகரை வைத்துக்கொள்ள நிறுவனம் விரும்பவில்லை. அவரை மாற்றிவிடச் சொன்னது. அவரை நீக்கினால் தானும் விலகிவிடுவதாக மெரில் ஸ்ட்ரீப் நின்றார். இயக்குநர் மைக்கேல் சிமினோ படப்பிடிப்பு வரிசையையே மாற்றி, கசேல் வரும் காட்சிகளை முதலில் எடுத்து முடித்தார். காப்பீட்டுக்கான பொறுப்பை ராபர்ட் டி நீரோ தன் பணத்தில் ஏற்றுக்கொண்டதாக ஸ்ட்ரீப் ஆவணப்படத்தில் சொல்கிறார். டி நீரோவைக் கேட்டால், நாங்கள் நினைத்ததைவிட அவருக்கு உடல்நிலை மோசமாக இருந்தது, ஆனாலும் அவர் படத்தில் இருக்க வேண்டும் என்று விரும்பினேன் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார். உதவி பெற்றவர் தரப்பு சொல்வதையும், உதவியவர் சொல்லாமல் விடுவதையும் அடுத்தடுத்து வைத்திருப்பது ஷெப்பர்டின் படத்தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

மருத்துவச் செலவுக்காகத்தான் ஸ்ட்ரீப் 'ஹோலோகாஸ்ட்' தொலைக்காட்சித் தொடரை ஏற்று ஆஸ்திரியாவுக்குப் படப்பிடிப்புக்குப் போனார். திரும்பி வந்ததும் கடைசிவரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். 'தி டியர் ஹன்டர்' 1978 டிசம்பரில் வெளிவந்தபோது கசேல் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. தன்னுடைய கடைசிப் படத்தின் முழுமையான வடிவத்தை அவர் பார்க்கவில்லை.

இவ்வளவு நல்ல நடிகருக்கு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்காதது ஏன்?

எண்ணிப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கும். அந்த 5 படங்களில் அவருடன் நடித்தவர்களுக்கு நடிப்புக்காகக் கிடைத்த ஆஸ்கர் பரிந்துரைகள் மொத்தம் 14. முதல் 'காட்ஃபாதர்' படத்தில் நான்கு, இரண்டாம் பாகத்தில் ஐந்து, 'டாக் டே ஆஃப்டர்நூன்' படத்தில் இரண்டு, 'தி டியர் ஹன்டர்' படத்தில் மூன்று. மார்லன் பிராண்டோ, டி நீரோ, கிறிஸ்டோபர் வாக்கன் ஆகிய மூவரும் விருதையே வென்றார்கள். இரண்டாம் பாகத்தில் துணை நடிகர் பிரிவில் மட்டும் மூன்று பேர் பரிந்துரைக்கப்பட்டார்கள். ஃபிரெடோ அவர்களில் இல்லை.

இதை அநீதி என்று கோபப்படும் ரசிகர்கள் உண்டு. எனக்கும் முதலில் அந்தக் கோபம் இருந்தது. இப்போது அந்த 14 என்ற எண்ணைப் பார்க்கும்போது வேறொன்று தோன்றுகிறது. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுபவரை யாரும் தனியாகப் பாராட்டுவதில்லை. ஆனால் ஒத்து நின்றுவிட்டால் சுருதி எங்கே என்று நாயனக்காரருக்கே தெரியாது. கசேல் வெறும் சுருதி மட்டும் பிடித்தவர் அல்லர் என்பதால் இந்த ஒப்புமை முழுமையாகப் பொருந்தாது. என்றாலும் விருதுக் குழுக்களின் காது எதைத் தவறவிடும் என்பதற்கு இது போதும். நடிப்பைப் பற்றித் தான் கற்றவற்றில் பெரும்பகுதி ஜானிடமிருந்து வந்தது என்று ஆவணப்படத்தில் பசினோ சொல்லும்போது அது உபசாரப் பேச்சாகத் தெரியவில்லை. உரையாடிக்கொண்டே இருப்பாராம், கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாராம், காட்சியை எடுத்த பிறகும் விடமாட்டாராம்.

ஆவணப்படத்தில் குறைகளே இல்லையா?

இருக்கின்றன. பேசுபவர்கள் அனைவரும் அவரை நேசித்தவர்கள். ஆகவே கசேலின் பிடிவாதம், மெதுவாக வேலை செய்யும் பழக்கம், படப்பிடிப்பில் அவரால் ஏற்பட்டிருக்கக்கூடிய எரிச்சல் ஆகியவை ஓரிரு சிரிப்புகளோடு கடந்துபோகின்றன. குழந்தைப் பருவம் அவசரமாகத் தாண்டப்படுகிறது. மேடை நாடகங்களைக் காட்டப் பதிவுகள் இல்லாததால், அவருடைய தொழில் வாழ்வின் நீண்ட பகுதி சில புகைப்படங்களிலும் சிலரது நினைவுகளிலும் அடங்கிவிடுகிறது. இசையும் சில இடங்களில் நம் கண்ணீருக்காக அவசரப்படுகிறது. அந்தக் காட்சிகளுக்கு அது தேவைப்படவில்லை.

இவற்றையெல்லாம் மீறிப் படம் நிற்பதற்குக் காரணம், அது தன் நாயகரின் இயல்புக்கு ஏற்ற வடிவத்தைத் தேர்ந்திருப்பதுதான். பசினோ, ஸ்ட்ரீப், டி நீரோ, ஹேக்மன், கொப்போலா, லூமெட், ஹோரோவிட்ஸ், டிரைஃபஸ் என்று உடன் பணியாற்றியவர்களும், ஸ்டீவ் புஷெமி, பிலிப் சீமோர் ஹாஃப்மன், சாம் ராக்வெல் என்று அவரைப் பார்த்து வளர்ந்த பிற்கால நடிகர்களும் பேசுகிறார்கள். பின்னவர்கள் ஒரு காட்சியை ஓடவிட்டு, இங்கே கண்ணை எங்கே வைக்கிறார் பாருங்கள் என்று தச்சர் இன்னொரு தச்சரின் இழைப்பைத் தடவிப் பார்ப்பதுபோலப் பேசுகிறார்கள். நாயகர் திரையில் இல்லாதபோதும் அவரைப் பற்றி நினைக்கும் முகங்களில் அவர் தெரிகிறார். அவருடைய படங்களிலும் அவர் அப்படித்தானே தெரிந்தார்.

லூமெட் 2011இலும், ஹாஃப்மன் 2014இலும், ஹோரோவிட்ஸ் 2020இலும், ஹேக்மன் 2025இலும் காலமானார்கள். இனிமேல் எவரேனும் ஒரு நீண்ட படம் எடுக்க முனைந்தாலும் இந்தச் சாட்சிகளைக் கூட்ட முடியாது.

ஏன் 40 நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்? இன்னும் நீட்டியிருக்கலாமே?

எனக்கு அந்த நீளம் சரியாகவே படுகிறது. ஐந்தே படங்களில் நடித்த ஒருவருக்கு இரண்டு மணி நேரப் புகழ்மாலை சூட்டினால், மூன்றாவது முறை கேட்கும் அதே பாராட்டு நாக்கில் சாம்பலாகிவிடும்.

அவர் பெயரில் நினைவிடம் ஏதேனும் உண்டா?

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், பிராட்வே சாலையும் 76ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் உள்ள சிறிய நாடக அரங்குக்கு மெக்கின்–கசேல் என்று பெயர் வைக்கப்பட்டது. மெக்கின் என்பது அவருடைய நண்பரான நடிகர் வால்டர் மெக்கின். அவரும் 1977இல் இளவயதில் இறந்தவர். இரண்டு நண்பர்களின் பெயரைச் சேர்த்துச் சூட்டியிருப்பது, தனியாக நின்று கைதட்டு வாங்காத ஒருவருக்குப் பொருத்தமானதே.

எதை முதலில் பார்க்க வேண்டும்? ஆவணப்படமா, படங்களா?

படங்களை வெளிவந்த வரிசையில் பாருங்கள். ஐந்தையும் முடிக்க ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகும். பிறகு ஆவணப்படம். அதன் பிறகு 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தை மட்டும் மீண்டும் போட்டு, தாயின் இறுதிச் சடங்கில் மைக்கேல் தன் அண்ணனைக் கட்டியணைக்கும் காட்சிக்குப் போங்கள். மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று நம்பி ஃபிரெடோ தம்பியின் இடுப்பைப் பற்றிக்கொள்கிறான். அணைத்த நிலையிலேயே மைக்கேல் நிமிர்ந்து அப்பால் நிற்கும் தன் ஆளைப் பார்க்கிறான். முதல் முறை பார்க்கும்போது எல்லோரும் மைக்கேலின் கண்களைத்தான் பார்ப்போம். இம்முறை ஃபிரெடோவின் கைகளைப் பாருங்கள்.